வார்ப்பு விமானங்கள் வளர்ந்த வரலாறு

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பழங்காசுகளுமே ஆகும். கோயிற் சுவர் கொடையைப் பற்றிப் பேசும்; காசு தன்னை அடித்து வெளியிட்ட அரசனைப் பற்றிப் பேசும். ஆனால் குழந்தைகளின் கையில் அகப்பட்டு, வண்ணம் உதிர்ந்து, சக்கரம் கழன்று, இறுதியில் பரணிலோ பழைய சாமான்காரரின் கூடையிலோ அடைக்கலம் புகும் விளையாட்டுப் பொருள்களுக்கும் பேசும் வாய் உண்டு என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தகைய பொருள்களுள் ஒருவகை, உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்பட்ட சிறிய போர் விமானங்கள். உள்ளங்கையில் அடங்கும் இவ்விமானங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். இவை விற்கும் விலையைக் கேட்டு வியப்போர் பலர். இவற்றின் வயிற்றுப் புறத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படித்துப் பார்ப்போர் சிலரே. அவ்வெழுத்துகளைப் படித்தால் விளங்கும் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வாழும் இம்மாநகரமும், நாம் விட்டுவந்த சென்னை மாகாணமும் அவ்வரலாற்றில் இடம் பெற்றுள்ளன என்பது நமக்குக் கூடுதல் ஆர்வம் தருவதாகும்.

அச்சுக்கூடம் தந்த கலை

இப்பொம்மைத் தொழிலின் தாய் அச்சுத் தொழிலே எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லைனோடைப் என்னும் எழுத்து வார்க்கும் இயந்திரம் செய்தித்தாள் உலகில் பெரும் புரட்சி செய்தது. காய்ச்சிய உலோகத்தை அச்சினுள் செலுத்தி, நொடிப்பொழுதில் எழுத்து வரிசையை வார்த்தெடுத்தது அது. 1893-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இவ்வியந்திரத்தைக் கண்ட டௌஸ்ட் சகோதரர்கள், எழுத்தை வார்க்கும் முறையால் சிறு பொருள்களையும் வார்க்கலாமே என்று கருதினர். பொத்தான்களும் சிறு அணிகளும் வார்த்த அவர்களுடைய தொழிலகம், பின்னாளில் டூட்சிடாய் என்னும் பெயரால் புகழ் பெற்றது. 1909-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சு வீரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினார். சில ஆண்டுகளுக்குள் அவ்விமானத்தின் சிறு வடிவம் டௌஸ்ட் தொழிலகத்தில் வார்க்கப்பட்டுக் கடைக்கு வந்தது. வானில் நடந்த செயல், செய்தித்தாளுக்கு அடுத்தபடியாகக் குழந்தையின் கையை வந்து அடைந்த முறை இது.

ஆயினும் வார்ப்பு விமானங்களைச் சேகரிப்போர் பெரிதும் போற்றுவது இங்கிலாந்து நாட்டு டிங்கி பொம்மைகளையே. அவற்றைத் தந்தவர் லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி (1863–1936). இவர் இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி வந்தவர். தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு ஒரு விளையாட்டுக் கருவியை அமைத்து, 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகமே அறிந்த விளையாட்டு அதுதான். 1914-இல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1920-இல் ஹார்ன்பி இரயில்கள் வந்தன. அவ்விரயில் நிலையங்களின் பக்கத்தில் வைப்பதற்கென்று 1933-இன் இறுதியில் வெளிவந்த சிறிய வார்ப்பு வண்டிகளே, 1934-இல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரைப் பெற்றன.

அந்த 1934-ஆம் ஆண்டிலேயே முதல் ஆறு விமானங்களும் வெளிவந்தன. பயணிகள் விமானம் ஒன்று, தனியார் ஓட்டும் சிறு விமானங்கள், தலைமேல் சுழலும் இறக்கைகொண்ட ஆட்டோஜைரோ ஒன்று என அவை அமைதிக்கால உலகின் கோலத்தையே காட்டின. குண்டு வீசுவது எதுவும் அவ்வறுவருள் பெருமையோடு முன்நிறுத்தப்படவில்லை. ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவ்வரிசை மாறிய விதம் கருதத்தக்கது. சிங்கப்பூர் என்னும் பெயர் தாங்கிய போர்க்கடல் விமானம், ஃபேரி பேட்டில், பிரிஸ்டல் பிளன்ஹைம், விட்லி ஆகிய குண்டுவீச்சு விமானங்கள், ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் ஆகிய சண்டை விமானங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஐரோப்பிய அரசுகள் படைக்கலம் பெருக்கிய வேகத்தை நாடாளுமன்ற அறிக்கைகளில் தேடவேண்டிய தேவையில்லை. பொம்மைக் கடையின் விலைப்பட்டியலே அதனைத் தெளிவாகக் காட்டிவிடும்.

ஒரு சொல் அவற்றின் செய்முறை பற்றி. எஃகினால் செய்த இரு பாதி அச்சுகளைப் பொருத்தி, உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்துடன் உள்ளே செலுத்துவர். ஏறத்தாழ 385 பாகை வெப்பத்தில் உருகும் அக்கலவையில் நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும், சிறிதளவு மக்னீசியமும் செம்பும் உண்டு. ஆங்கிலேயர் இதனை மசாக் என்பர். சில நொடிகளில் அச்சைத் திறந்தால் விமானம் தயார். பிறகு பிசிறு நீக்கி, வண்ணம் தீட்டி, தகரத்தில் வெட்டிய சுழல்விசிறியை முன்னே பொருத்துவர். எஃகு அச்சு மிகுந்த செலவில் வெட்டப்படுவது. ஆதலின் ஓர் அச்சைப் பல்லாண்டுகள் பயன்படுத்துவதும், காலத்திற்கேற்ப அதன் எழுத்தை மட்டும் மாற்றுவதும் தொழிலின் வழக்கம். இந்த எழுத்து மாற்றத்தில்தான் நாம் தேடும் வரலாறு ஒளிந்திருக்கிறது.

பொம்மைக்கும் போர்க்கோலம்

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. வெள்ளி வண்ணத்தில் பளபளத்த டிங்கி விமானங்கள், பச்சையும் பழுப்பும் கலந்த மறைப்பு வண்ணத்திற்கு மாறின. போர் விமானங்கள் மட்டுமல்ல. என்சைன், ஃபுரோபிஷர் என்னும் பயணிகள் விமானங்களுக்கும் அதே வண்ணம் பூசப்பட்டது. பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்கள் படைப்பணியில் இறங்கிய செய்தியைப் பொம்மையும் உடனே ஏற்றுக்கொண்டது.

இதனினும் சுவையானது ஜெர்மன் நாட்டு ஜங்கர்ஸ் விமானத்தின் கதை. போருக்கு முன் டிங்கி வெளியிட்டது ஜங்கர்ஸ் 90 என்னும் பயணிகள் விமானம். போர் வந்தபின் அதே அச்சில் வார்த்த விமானத்திற்குக் கறுப்பு வண்ணம் பூசி, ஜெர்மானியச் சிலுவைக் குறியிட்டு, ஜங்கர்ஸ் 89 குண்டுவீச்சு விமானம் என்று பெயர் சூட்டினர். உண்மை வரலாற்றில் ஜங்கர்ஸ் 89 என்னும் குண்டுவீச்சு விமானமே முதலில் தோன்றியது. அதிலிருந்துதான் ஜங்கர்ஸ் 90 பயணிகள் விமானம் உருவாயிற்று. எனவே பொம்மைத் தொழிலகம் செய்தது, விமானத்தை அதன் பிறவிக் குணத்திற்கே திருப்பி அனுப்பியது போல் ஆயிற்று. ஒரே உலோக உடல், ஒருநாள் விருந்தினர், மறுநாள் பகைவர். வண்ணமும் எழுத்துமே வேறுபாடு.

1940-ஆம் ஆண்டு மே மாதம் பீவர்புரூக் பிரபு இங்கிலாந்தின் விமான உற்பத்தி அமைச்சர் ஆனார். அடுத்த ஜூலையில், வீட்டில் உள்ள அலுமினியப் பாத்திரங்களைத் தாருங்கள், விமானம் செய்வோம் என்று இல்லத்தரசிகளுக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டது. சமையலறைச் சட்டிகள் மலைபோல் குவிந்தன. ஸ்பிட்ஃபயர் நிதி என்னும் நன்கொடை இயக்கமும் அக்காலத்தில் பரவியது. ஒரு விமானத்தின் விலை 5,000 பவுன் என்று வைத்து, இறக்கை முதல் ஆறு பென்னி பெறும் ஆணி வரை ஒவ்வோர் உறுப்புக்கும் விலை குறித்துப் பட்டியல் வெளியிட்டனர். ஏழையும் ஓர் ஆணியைக் கொடுத்ததாக எண்ணி மகிழலாம் அல்லவா? அந்நிதிக்காக டிங்கி நிறுவனமும் ஒரு ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. மூக்கில் சிறு வளையம் பொருத்தி, பதக்கம்போல் அணியத்தக்கதாக அமைந்த அதனைத் தனிப்பெட்டியில் வைத்து விற்றனர். பெட்டியோடு கிடைக்கும் அச்சிறு விமானம் இன்று சேகரிப்பாளர் கண்ணுக்கு ஒரு மாணிக்கம்.

இவ்விடத்தில் நம் முன்னோரை நினைவுகூர்தல் பொருந்தும். சென்னை மாகாணத்து மக்கள் அளித்த போர் நன்கொடையின் நினைவாக, பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம், 264-ஆம் அணிகள் தம் பெயருடன் சென்னை மாகாணம் என்ற பெயரையும் தாங்கின. 1940-இல் இங்கிலாந்தின் வானில் நடந்த பெரும்போரில் 234-ஆம் அணி ஓட்டியது ஸ்பிட்ஃபயர் விமானங்களையே. 264-ஆம் அணி டிஃபையன்ட் விமானங்களை ஓட்டியது. ஐதராபாத்தின் பெயரும் இவ்வாறே சில அணிகளுக்கு வழங்கியது. அந்நன்கொடை யாவும் மனமுவந்து அளித்தனவா, ஆட்சியாளரின் கண்ணுக்கு அஞ்சி அளித்தனவா என்பது வேறு ஆராய்ச்சி. இந்திய மக்களைக் கேளாமலேயே இந்தியாவைப் போரில் இறக்கிய ஆட்சி அது என்பதை மறத்தலாகாது. சென்னைக் கடற்கரையில் உழைத்தவன் பணமும் லிவர்பூல் சிறுவன் பொம்மைக்குக் கொடுத்த பணமும் ஒரே உண்டியலில் விழுந்தன என்பது மட்டும் உறுதி.

1942-இன் தொடக்கத்தில் இங்கிலாந்து அரசு உலோகப் பொம்மைகள் செய்வதற்குத் தடை விதித்தது. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை போர்த்தளவாடங்களைச் செய்யலாயிற்று. விமானப் பொம்மைகளை வார்த்த கைகளே உண்மைப் போருக்கான பொருள்களைச் செய்தன. ஆதலின் 1942 முதல் 1945 வரை பொம்மை வரிசையில் ஒரு வெற்றிடம் உண்டு. அவ்வெற்றிடமும் ஒரு சான்றே.

பெயர் இழந்த விமானம்

போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946-இல் டிங்கி மீண்டும் புதிய விமானங்களை வெளியிட்டது. டெம்பெஸ்ட், மீட்டியர் ஆகியவை அவற்றுள் சில. அவ்வரிசையில் இரட்டை எஞ்சின் சண்டை விமானம் என்று பொதுப்பெயர் மட்டும் பொறித்த ஒன்றும் இருந்தது. அறிந்தோர் பார்த்தவுடன் கூறுவர், அது ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்று. இலண்டன் மாநகரின் இடிபாடுகள் அகற்றப்படாத காலத்தில் அப்பெயரைப் பொறித்து விற்க முடியாது. பெயரை நீக்கினர், உடலை விற்றனர்.

இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 1969-இல் இங்கிலாந்து வான்போரைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அதனையொட்டி டிங்கி பெரிய அளவில் இரு விமானங்களை வெளியிட்டது. ஒன்று மின்கலத்தால் விசிறி சுழலும் ஸ்பிட்ஃபயர். மற்றொன்று வெடிக்கும் கேப்பு வைத்த குண்டைக் கீழே போடும் ஜங்கர்ஸ் 87 ஸ்டூக்கா. இம்முறை பகைவர் விமானத்தின் பெயர் மறைக்கப்படவில்லை. பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டது. போரை நேரில் கண்ட தலைமுறை தந்தையராகி, அவர்தம் மக்கள் வாங்கும் காலம் வந்துவிட்டது. துயரம் கதையாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வேண்டும் என்பதற்கு, 1946-இன் பெயரில்லா விமானமும் 1969-இன் பெயருள்ள விமானமும் அருகருகே வைத்துக் காணத்தக்க சான்றுகள்.

இடைப்பட்ட காலத்து ஜெட் விமானங்களுள் நமக்கு நெருங்கியது ஹாக்கர் ஹண்டர். 1955-இல் டிங்கி வரிசையில் வந்த இதனை, 1957 முதல் நம் இந்திய விமானப்படையும் ஓட்டத் தொடங்கியது. 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் கரக்பூருக்கு அருகிலுள்ள கலைக்குண்டா தளத்தைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கியபோது, அவற்றை வானில் எதிர்த்தவை ஹண்டர்களே. 1971 டிசம்பரில் இராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலாவை நோக்கி வந்த டாங்கிகளை அழித்தவையும் அவையே. டெம்பெஸ்ட் விமானங்களும் 1947–48 காஷ்மீர்ப் போரில் நம் படைக்கு உதவின. லிவர்பூலில் வார்த்த பொம்மையாயினும், இவ்விரண்டையும் நம் நாட்டு வரலாற்றோடு சேர்த்தே வைத்துப் பார்க்கலாம்.

இம்மாநகரமும் வார்ப்பு விமானங்களும்

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபின், கல்கத்தா போர்முனைக்கு அருகில் உள்ள நகரமாயிற்று. மைதானத்தை அடுத்த ரெட் ரோடு, இன்று இந்திரா காந்தி சரணி எனப்படும் அகன்ற சாலை, சண்டை விமானங்கள் ஏறி இறங்கும் ஓடுதளமாக மாறியது. 1942 டிசம்பர் 20-ஆம் நாள் இரவு இந்நகர்மீது முதன்முதலாகக் குண்டுகள் விழுந்தன. 1943 டிசம்பர் 5-ஆம் நாள் பட்டப்பகலில் கிதிர்ப்பூர் துறைமுகம் தாக்கப்பட்டு, கூலித் தொழிலாளர் பலர் மாண்டனர். அதே 1943-இல் வங்கப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களை விழுங்கியது. விமான ஓடுதளமாகிய சாலையும், பட்டினியால் மக்கள் சுருண்டு விழுந்த நடைபாதைகளும் ஒரே நகரில் இருந்தன. போர் விமானப் பொம்மையைக் கையில் எடுக்கும் நாம் வீரத்தை மட்டும் நினைத்து, கிதிர்ப்பூரையும் நடைபாதையையும் மறந்தால், பாதி வரலாற்றையே கற்றவர் ஆவோம்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். பொம்மை ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு என வட்டக்குறி இருக்கும். ஆனால் இந்திய, பர்மியப் போர்முனையில் 1942 முதல் நடுச் சிவப்பை நீக்கிவிட்டனர். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று கருதித் தம்மவரே சுட்டுவிடுவர் என்ற அச்சமே காரணம். ஆகவே சிவப்புப் பொட்டுள்ள பொம்மை, இங்கிலாந்து வானின் சான்றே அன்றி வங்க வானின் சான்று ஆகாது. சேகரிப்பவர் இத்தகைய வேறுபாடுகளை அறிந்திருத்தல் நன்று.

விடுதலைக்குப் பின்னும் இந்நகருக்கு இத்தொழிலில் பங்கு உண்டு. 1960-களின் இறுதியில் கல்கத்தாவைச் சேர்ந்த எஸ். குமார் நிறுவனத்தார் டிங்கியின் பழைய அச்சுகளைப் பெற்று, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வார்த்து விற்றனர். அவற்றுள் பெரும்பாலானவை கார்கள். அடித்தகட்டில் டிங்கி என்ற எழுத்தை அகற்றி, நிக்கி என்று பொறித்திருப்பதை இன்றும் காணலாம். மில்டன், மாக்ஸ்வெல் என்னும் பெயர்களிலும் வார்ப்புப் பொம்மைகள் இந்நகரிலிருந்து வெளிவந்தன. வெளிநாட்டுப் பொம்மைகள் எட்டாக் கனியாக இருந்த நாளில், நம் காலனிப் பிள்ளைகளின் கைக்கு எட்டியவை இவையே. ஒருகாலத்தில் போலி என்று ஒதுக்கப்பட்ட இந்தியப் பதிப்புகளை, இப்போது வெளிநாட்டுச் சேகரிப்பாளர் தேடி வாங்குகின்றனர்.

மூல நிறுவனத்தின் முடிவையும் கூறிவிடலாம். மெக்கானோ நிறுவனம் 1964-இல் லைன்ஸ் சகோதரர் கைக்கும், அந்நிறுவனம் 1971-இல் வீழ்ந்தபின் ஏர்ஃபிக்ஸ் கைக்கும் மாறியது. 1979 நவம்பர் இறுதியில் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது.

உள்ளிருந்து அரிக்கும் நோய்

பனையோலைச் சுவடிக்குக் கரையான் எப்படியோ, வார்ப்பு விமானத்திற்கு ஒரு நோய் அப்படி. அதனைத் துத்தநாக நோய் என்பர். துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும். ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்பு புகும். விமானம் முதலில் சற்றே பருக்கும். பின் மயிரிழை போல் வெடிப்புகள் தோன்றும். இறக்கை தாழ்ந்து வளையும். இறுதியில் தொட்டவுடன் பொடியாக உதிரும். இன்றைய தர அளவுகள் இலட்சத்தில் 5 பங்குக்கு மேல் ஈயம் கலப்பதை ஒப்புவதில்லை. போருக்கு முற்பட்ட தொழிற்சாலைகளில் இத்தகைய தூய்மை பேணப்படவில்லை. ஈயப் பொம்மைகளையும் வார்த்த ஆலைகளில் ஒன்றின் கழிவு மற்றொன்றில் கலந்ததே காரணம் எனக் கருதுவர். மெல்லிய நீண்ட இறக்கைகளைக் கொண்டமையால், கார்களைவிட விமானங்களே இந்நோய்க்கு மிகுதியாக இரையாகின்றன.

இதற்கு மருந்து இல்லை. வெப்பமும் ஈரமும் அதனை விரைவுபடுத்தும். நம் நகரின் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. உலர்ந்த இடத்தில், வெயில் படாமல், வெப்பம் அடிக்கடி ஏறி இறங்காமல் வைத்தால் அழிவைத் தள்ளிப்போடலாம். இறக்கையின் கீழ்ப் பஞ்சோ துணியோ முட்டுக் கொடுத்து வைப்பதும் நன்று. நோய் கண்ட விமானத்தைப் படம் எடுத்து, அளவு குறித்து, எழுத்துகளைப் படியெடுத்து வைப்பது சேகரிப்பவர் கடன். கல்வெட்டு சிதையும் முன் மைப்படி எடுப்பார் அல்லரோ ஆய்வாளர்? அதே முறைதான்.

சேகரிப்போர் அறம்

பழம்பொருளைப் புதிதாக்கும் ஆசை எல்லாரிடத்தும் உண்டு. வண்ணம் உதிர்ந்த விமானத்திற்குப் புது வண்ணம் பூசுவர்; தொலைந்த விசிறிக்குப் பதில் புது விசிறி மாட்டுவர். பூசியவர் அதனைக் குறித்துவைத்தால் குற்றமில்லை. குறிக்காது விற்கும்போது அது பொய்ச் சான்று ஆகிவிடுகிறது. மறைப்பு வண்ணத்தின் மேல் வெள்ளி வண்ணம் பூசினால், 1940-ஐ 1938 ஆக்கிய குற்றம் நம்மைச் சேரும். பழைய விமானத்தை உள்ளபடி விடுவதே பெரும்பாலும் சிறந்த பராமரிப்பு.

விலைமிகுதி போலிக்கு வழிவகுக்கும். டிங்கி விமானங்களுள் மிக அரியது 1950-களின் நடுவில் வார்த்த ஆவ்ரோ வல்கன் என்னும் குண்டுவீச்சு விமானம். துத்தநாகத்தில் வார்த்தால் கனம் மிகும் என்று அதனை அலுமினியத்தில் வார்த்தனர். கனடா நாட்டு விற்பனைக்கென ஏறத்தாழ 500 மட்டுமே செய்யப்பட்டன என்பர். பட்டியலில் அதன் எண் 749. உடலில் வார்த்த எண்ணோ 992. இம்முரண்பாட்டை அறியாதவர் உண்மைப் பொருளைப் போலி என்று ஒதுக்கவும் கூடும். எனவே பணம் படைத்தல் மட்டும் போதாது. எழுத்தைப் படிக்கும் பொறுமையும் வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். பழைய வார்ப்புப் பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். பொருள்களை வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைகளிடம் அவற்றைத் தரலாகாது. அவர்களுக்குப் புதிய பொம்மைகளே ஏற்றவை.

நம் வீட்டுக் கொலுவிலிருந்து தொடங்குவோம்

பொருள்களை ஆண்டுதோறும் சேர்த்து, துணியில் பொதிந்து, பெட்டியில் அடுக்கி, தலைமுறை தலைமுறையாகக் காக்கும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலு என்பது அதுவேயன்றோ? கொலுப்படியின் கீழே மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டு, பூங்கா அமைக்கும் பிள்ளைகள், அதன் ஓரத்தில் விமான நிலையம் ஒன்றையும் அமைப்பது பல வீடுகளில் நாம் காணும் காட்சி. மரப்பாச்சிக்கும் மண் செட்டியாருக்கும் அருகில் வார்ப்பு விமானம் ஒன்று நிற்கும். வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறிய குடும்பங்களில், மற்றப் பொம்மைகள் எல்லாம் தொலைந்த பின்னும் கொலுப்பெட்டியில் இருந்தவை மட்டும் தப்பிப் பிழைத்துள்ளன. ஆகவே நம் காலனியில் பழைய விமானம் ஏதேனும் இருக்குமாயின், அது கண்ணாடி அலமாரியில் இராது. பரணில் உள்ள கொலுப்பெட்டியில்தான் இருக்கும்.

அன்பர்கள் செய்யவேண்டுவது எளிது. வரும் நவராத்திரிக்குப் பெட்டியை இறக்கும்போது, உலோக விமானம் கிடைத்தால் அதனைத் திருப்பி, அடியில் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் யாருக்கு வாங்கிக் கொடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அதே தாளில் சேருங்கள். எழுத்தைப் படிக்க நூல்கள் உண்டு. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நினைவில் உள்ளதைப் படிக்க நூல் இல்லை. துத்தநாகத்தைப் போலவே நினைவும் தேய்கின்ற பொருள்தான். அத்தாள்களைச் சங்க நூலகத்தில் ஒரு கோப்பாகச் சேர்த்துவைத்தால், இம்மாநகரில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எவற்றோடு விளையாடினர் என்பதற்குப் பின்வருவோர் நம்பத்தக்க ஒரு பதிவு கிடைக்கும். விமானத்தைக் கழுவவோ வண்ணம் பூசவோ முற்பட வேண்டா. மென்துணியால் துடைத்து, முன்போலவே கொலுவில் வையுங்கள். பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அதன் கதையையும் சொல்லுங்கள்.